சல்லடை, மாட்டுமணி, இரண்டு பக்கச் செய்தித்தாள்: இதாகாவில் ஒரு வெள்ளி இரவு

பஸ்ஸிலிருந்து இறங்கிப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அக்கா மகள் கேட்டாள்: "செய்தித்தாள் கொண்டுவந்தீர்களா, மாமா?"

நியூயார்க் நகரத்திலிருந்து இதாகாவுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்பாள் என எதிர்பார்த்திருந்தேன். முந்தைய நாள் போனில் அவள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அச்சிட்ட நாளிதழ் வழியில் எங்கே கிடைத்தாலும் வாங்கி வாருங்கள், பழைய தேதியாக இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தாள். தேடத்தான் செய்தேன். பஸ் நிலையக் கடையில் கழுத்துத் தலையணை இருந்தது, பத்து வகை சிப்ஸ் இருந்தது, பத்திரிகை இல்லை.

"போகட்டும். என்னிடம் இரண்டு பக்கம் இருக்கிறது, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்" என்றாள். அன்றிரவு நாங்கள் போகவிருந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குத்தான், படிப்பதற்கு இல்லை என்பது மட்டும் புரிந்தது.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் வெயில், செம்மண், பந்து, முழங்கால் சிராய்ப்பு. டீக்கடையில் நின்றுகொண்டே ஒலிம்பிக் அணியைத் தேர்வு செய்யக்கூடியவர்கள் எங்கள் ஆட்கள். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குப் பனித்தரை, சறுக்குக் காலணி, பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு என்று அர்த்தம். மூன்று பகுதிகள், பகுதிக்கு 20 நிமிடம். கோல்கீப்பரைச் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான் களத்தில். இவ்வளவு தெரிந்துகொண்டுதான் போனேன். ஆட்டத்தைப் பற்றி அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவும் இல்லை. அன்றைக்கு நான் ஆட்டத்தைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

இதாகா மேடும் பள்ளமுமான ஊர். கீழே கயூகா ஏரி நீளமாகக் கிடக்கிறது. மேலே குன்றின் மீது கார்னெல் பல்கலைக்கழகம். நடுவே பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் ஓடைப் பள்ளத்தாக்குகள். குளிர்காலத்தில் அருவிகள் பாதி உறைந்து, மெழுகு வடிந்ததுபோல் நிற்கின்றன. அழகுதான். ஆனால் கையுறையைக் கழற்றிப் படம் எடுத்தால் பத்தாவது நொடியில் விரல் யாருடையதோ ஆகிவிடுகிறது. ஆகவே படங்கள் குறைவு, மன்னிக்கவும்.

அக்கா மகள் அங்கே மண்ணியலில் ஆராய்ச்சி செய்கிறாள். 2021 ஆகஸ்டில் போனவள். அதுவரை எந்த விளையாட்டையும் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. அங்கே போய் முழுதாக நின்று பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். லைனா அரங்கில் மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை.

லைனா 1957-இல் திறக்கப்பட்ட உள்ளரங்கம். அதற்கு முன்பெல்லாம் வளாகத்துக்குள் இருக்கும் பீபி ஏரி உறைந்தால்தான் ஆட்டம். அரங்கம் ஒன்றும் பிரமாண்டம் அல்ல. 4,300-க்குச் சற்றுக் குறைவான பேர்தான் கொள்ளும். கூரை தாழ்வு, இருக்கைகள் பனித்தரையை ஒட்டி நெருக்கமாக. அதனால் போடும் சத்தம் வெளியே போக வழியில்லாமல் நம் தலையிலேயே திரும்ப விழுகிறது. ஒரு பக்கம் மாணவர்கள், எதிர்ப்பக்கம் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். இரு தரப்புக்கும் சேர்த்து 'லைனா விசுவாசிகள்' என்று பெயர். திருச்சபைச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே போன பிறகு அது மிகையாகத் தெரியவில்லை.

எதிரணி ஹார்வர்ட். வாசலிலேயே அது தெரிந்தது. காவலர்கள் கோட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். "கத்தி தேடுகிறார்களா?" என்றேன். "மீன், மாமா."

கதை 1973-இல் தொடங்குகிறது. கார்னெலில் வேளாண்மைக் கல்லூரி இருப்பதைக் கிண்டல் செய்து, ஹார்வர்டில் நடந்த ஆட்டத்தின்போது அங்கிருந்த ரசிகர் ஒருவர் ஒரு கோழியைக் களத்துக்குக் கொண்டுவந்தார். எறிந்தார் என்று ஒருவர் சொல்வார், கோல் கம்பத்தில் கட்டினார் என்று இன்னொருவர் சொல்வார். கோழி மட்டும் எல்லாக் கதையிலும் உண்டு. ஹார்வர்ட் அணி இதாகாவுக்கு வந்தபோது கார்னெல் மாணவர்கள் பதிலுக்கு மீன் எறிந்தார்கள். பாஸ்டன் பக்கம் மீன்பிடித் தொழில், அதற்கு இது மறுமொழி. நாங்கள் உழவர்கள் என்றால் நீங்கள் செம்படவர்கள். பணக்காரப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் சாதிப் பெயர் மாதிரி எனக்குப் பட்டது. அக்கா மகளிடம் சொன்னேன். "நான் மண் படிக்கிறவள், என்னைக் கேட்காதீர்கள்" என்று சிரித்தாள்.

எங்களோடு அவளது ஆய்வகத்தில் பகுதி நேரமாக வேலை செய்யும் முதலாண்டுப் பையன் ஒருவன் வந்திருந்தான். டெக்சாஸ்காரன். போன மாதம்வரை பனித்தரையையே பார்த்ததில்லையாம். அவன் என் இடப்பக்கம், அவள் வலப்பக்கம்.

ஹார்வர்ட் அணி சறுக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் தலைக்கு மேலே ஏதோ பறந்தது. பிறகு இன்னொன்று. பனியில் விழுந்து வழுக்கிக்கொண்டே போய் ஒரு மீன் வேலியில் முட்டி நின்றது. இத்தனை சோதனையைத் தாண்டி எந்த உடுப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று யோசிக்கவே விருப்பமில்லை. ஊழியர்கள் மண்வாரியோடு வந்து அள்ளினார்கள். இனி ஏதாவது விழுந்தால் சொந்த அணிக்கே தண்டனை என்று ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். தண்டனை கிடைத்தால் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டியிருக்கும். அந்த மீன்கள் நல்ல குழம்புக்கு ஆகியிருக்கும் என்பது என் முதல் எண்ணம். இரண்டாவது எண்ணம், ஊரறிந்த இந்த வழக்கம்தான் இருப்பதிலேயே சாதாரணமானது என்பது. எறிந்தால் முடிந்தது. அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்து வந்ததுதான் விஷயம். ஹார்வர்ட் ஆட்டக்காரர்களின் பெயர்களை அறிவிக்கத் தொடங்கியதும் மாணவர் பக்கம் முழுவதும் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டது. உங்களைப் பார்ப்பதைவிட நேற்றைய வானிலை அறிக்கை எங்களுக்குச் சுவாரசியம் என்று அர்த்தம். ஒவ்வொரு பெயருக்கும் 'சலிப்பு!' என்று ஒரே குரல். என் கையில் இருந்தது விளம்பரப் பக்கம். பழைய கார்கள் விலை போட்டிருந்தது. அதையே முகத்துக்கு நேரே பிடித்தேன். பெயர்கள் முடிந்ததும் எல்லோரும் தாளை அசைத்துக் கசக்கிய சத்தம் தகரக் கூரையில் பெய்யும் மழை மாதிரி எழுந்தது.

சுற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாதிப் பேரிடம் முழுத் தாள் இல்லை. நான்காகக் கிழித்துப் பகிர்ந்திருந்தார்கள். ஒருவன் ஆய்வுக் கட்டுரை அச்செடுத்த காகிதத்தை விரித்திருந்தான். 1880 முதல் வெளிவரும் மாணவர் நாளிதழ் கார்னெலில் உண்டு, ஆனால் அது இப்போது தினமும் அச்சாவதில்லை. ஊர்ப் பத்திரிகையும் மெலிந்துவிட்டது. வழக்கம் இருக்கிறது, வழக்கத்துக்கு வேண்டிய பொருள் போய்க்கொண்டிருக்கிறது. ஒருத்தி கைப்பேசியை உயர்த்தி அதில் செய்தியைக் காட்டினாள். பின்வரிசை அவளையும் சேர்த்துக் கேலி செய்தது.

தேசிய கீதம். நான் ஒழுங்காகக் கையைக் கட்டி நின்றிருந்தேன். ராக்கெட்டுகளின் சிவந்த ஒளி என்று பொருள்படும் வரி வந்தபோது, அந்தச் 'சிவப்பு' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் மொத்த அரங்கமும் கத்தியது. கார்னெல் அணிக்குப் 'பெரிய சிவப்பு' என்று பெயர் என்பதால் அப்படி. நான் துள்ளிவிட்டேன். டெக்சாஸ் பையன் துள்ளவில்லை, சரியான நொடியில் கத்தினான். அவனுக்கு இது மூன்றாவது ஆட்டமாம்.

பிறகு மாட்டுமணி. மாணவர் பகுதியில் ஒருவன் எழுந்து (ஏற்கெனவே நிற்கிறவன்தான், இருக்கை மேல் ஏறினான்) கழுத்து மணியைக் குச்சியால் தட்டத் தொடங்கினான். முதலில் நிதானமாக, பிறகு ஓட்டம் பிடித்து. இடைவெளிகளில் கூட்டம் கைதட்டி நிரப்பியது. நல்ல உறுமிக்காரர் ஊரைத் தன் பின்னால் இழுப்பது போல இழுத்தான். படிப்பு முடியும்போது மணி இன்னொருவர் கைக்குப் போகும், வாங்குகிறவர் அதற்கு முன்பே பக்கத்தில் நின்று தாளத்தைப் பழகிக்கொள்ள வேண்டும் என்றாள் அக்கா மகள்.

முதல் பகுதியில் நான் ஒரு பிழை செய்தேன். ஹார்வர்ட் கோல்கீப்பர் இடப்பக்கம் விழுந்து, நிச்சயமாகப் போக வேண்டிய வட்டைக் கையுறையால் பிடித்தார். அபாரம். என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். நான்கு வரிசைக்கு என்னுடைய கைதட்டல் மட்டும் கேட்டது. பையன் என் முழங்கையைத் தொட்டு மெதுவாகச் சொன்னான்: "சார், அவர் ஒரு சல்லடை."

கோல் விழுந்ததும் அதற்கு விளக்கம் கிடைத்தது. பாண்டு வாத்தியம் முழங்கியது. பிறகு மொத்தக் கூட்டமும் கோல்கீப்பரை நோக்கி விரலை நீட்டி, 'சல்லடை, சல்லடை, சல்லடை' என்று சொல்லிவிட்டு, 'எல்லாம் உன் குற்றமே' என்று முடித்தது. உன்னிடம் எதுவும் தங்காது, எல்லாம் ஒழுகிவிடும் என்று பொருள். இந்த வசவு எனக்குப் பிடித்துவிட்டது. ஆளைத் தொடாமல் வேலையை மட்டும் திட்டுகிறது. எல்லா முழக்கமும் இந்தத் தரத்தில் இல்லை. சில கெட்ட வார்த்தைகள், என் வயதில் பக்கத்தில் அக்கா மகளை வைத்துக்கொண்டு கேட்பதற்கானவை அல்ல. அவள் காதில் விழாதது போல் இருந்தாள், நானும் அப்படியே.

இடைவேளையில் சூடான சாக்லேட் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஊர்க்காரர் ஒருவர் நின்றார். நரைத்த மீசை, சாயம் போன சிவப்பு ஸ்வெட்டர், அக்குளில் மடித்த நாளிதழ். கென் டிரைடன் ஆடியபோது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். 1966 முதல் 1969 வரை கார்னெலின் கோல்கீப்பர் டிரைடன். 76 வெற்றி, 4 தோல்வி, 1 சமன். பிறகு தொழில்முறை ஆட்டத்திலும் பெரும் பெயர் எடுத்தவர். 1967-இல் தேசியப் பட்டம். நெட் ஹார்க்னஸ் பயிற்சியில் 1970-இல் ஆடிய 29 ஆட்டத்திலும் வென்று இன்னொரு பட்டம். "29-0" என்று அவர் சொன்னது, நம் ஊரில் பெரியவர்கள் ஒரு வெள்ளத்தின் ஆண்டைச் சொல்வது மாதிரி இருந்தது. ஹார்வர்டுக்கு எதிரான ஓர் ஆட்டத்துக்கு முன் தன் மட்டையைத் தன் தலையில் அடித்தே உடைத்த மைக் ஷேஃபர் என்ற ஆட்டக்காரரைப் பற்றியும் சொன்னார். அந்த ஷேஃபர்தான் பின்னர் 1995 முதல் 2025 வரை அங்கே பயிற்சியாளராக இருந்தவர்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மாணவர்களும் மாறிவிடுகிறார்கள். பிறகு எப்படி இது அப்படியே இருக்கிறது?

அப்படியே இல்லை என்றார். அந்தக் காலத்தில் பருவ டிக்கெட்டுக்காக மாணவர்கள் இரவெல்லாம் வரிசையில் படுத்துக் கிடப்பார்கள். அந்த வரிசையில்தான் மூத்தவர்கள் இளையவர்களுக்கு எதை எப்போது கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். இப்போது டிக்கெட் இணையத்தில். "வரிசை போனதும் பள்ளிக்கூடம் போய்விட்டது" என்றார். பிறகு கொரோனா. 2020 மார்ச்சில், அணி நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக இருந்தபோது, போட்டிகள் பாதியில் நின்றன. அவர்களது பல்கலைக்கழகக் கூட்டமைப்பான ஐவி லீக் அடுத்த பருவத்தை முழுவதுமாகக் கைவிட்டது. 2021 இலையுதிர் காலத்தில் கதவு திறந்தபோது, அரங்கத்தைப் பார்த்தே இராத இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. அக்கா மகள் வந்ததும் அந்த ஆண்டுதான். அவள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள்: முதல் ஆட்டத்தில் அவளைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்களாம். அப்போது சில முழக்கங்களை எதிர்ப்பக்கத்துக் கிழவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடங்கி வைத்தார்கள் என்றார் இவர். மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். பிறகு பிடித்துக்கொண்டார்களாம்.

பெருமைக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டாம் பகுதியில் கவனித்தேன். மாணவர் பகுதியின் ஒரு மூலையில் முழக்கம் தவறான நேரத்தில் எழுந்தபோது எதிர்ப்பக்கம் அதை எடுத்துக்கொள்ளாமல் விட்டது. அது இரண்டு மூச்சில் அடங்கியது.

அடுத்த இடைவேளையில் பாண்டு பல்கலைக்கழகப் பாடலை வாசித்தது. தோள்மேல் கை போட்டு வரிசை வரிசையாக ஆடிக்கொண்டே பாடினார்கள். என் இரு தோளிலும் கை விழுந்தது. எனக்கு வரிகள் தெரியாது, ஆடினேன்.

கடைசி நிமிடங்களில் கார்னெல் முன்னிலையில் இருந்தது. எல்லோரும் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து உலுக்கினார்கள். 'பஸ்ஸைச் சூடாக்கு' என்ற முழக்கம். ஊருக்குப் போகும் நேரம் வந்துவிட்டது, வண்டியைக் கிளப்பு என்பது அதன் பொருள். என் பையில் கோவில்பட்டி வீட்டுச் சாவி இருந்தது. அதை உலுக்கினேன். பின்வரிசையில் புதிதாக வந்திருந்த பெண் ஒருத்தி என்ன செய்வது என்று விழித்தபோது, டெக்சாஸ் பையன் திரும்பித் தன் சாவியைக் காட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அக்கா மகள் அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. படிப்பு முடிந்து இன்னும் சில மாதங்களில் அவள் கிளம்புகிறாள்.

கூட்டம் கலைந்தது. தரையெங்கும் கசங்கிய காகிதம். வெளியே போகும் வழியில் அந்த மீசைக்காரரை மறுபடி பார்த்தேன். இருக்கையில் உட்கார்ந்து, தன் நாளிதழை மடிப்பு மாறாமல் நீவி, நான்காக மடித்து, கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டிருந்தார். கசக்கவில்லையா என்று கேட்டேன்.

"நாளைக்கு டார்ட்மவுத் வருகிறார்கள்" என்றார்.