சலோமி பதிவிலிருந்து எடுத்த ஒரு வரி

“செபதேயுவின் மனைவி, யாக்கோபு, யோவான் இருவரின் தாய்.” விவிலிய அகராதிக்கான சலோமி பதிவின் பழைய வரைவு இப்படித்தான் தொடங்கியது. அந்த வரியை எடுத்துவிட்டேன். பொறுப்பாசிரியரான குருவானவர் காரணம் கேட்டார், சொன்னேன், ஏற்றுக்கொண்டார். பிறகு சொன்னார்: “சரிம்மா, எடுத்தாச்சு. இதைப் புரட்டப்போறது, சாமியார் வராத ஞாயித்துக்கிழமையில வழிபாடு நடத்துற உபதேசியார். அவருக்கு இனி சலோமி யாரு?”

எடுத்ததற்கான காரணத்தில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்தக் கேள்விதான் விடமாட்டேன் என்கிறது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சலோமியின் பெயர் இரண்டே இடங்களில் வருகிறது, இரண்டும் மாற்கு நற்செய்தியில். 15:40இல் சிலுவைச் சாவைத் தொலைவில் நின்று பார்த்த பெண்களில் ஒருவர். 16:1இல் நறுமணப் பொருள் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும் மூவரில் ஒருவர். நடுவில் 15:41, இந்தப் பெண்கள் கலிலேயாவிலேயே இயேசுவைப் பின்பற்றிப் பணிவிடை செய்துவந்தவர்கள் என்கிறது. சீடர் என்று எழுத அது போதும். கணவன், மகன், ஊர் எதுவும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் மரியாவை யாக்கோபு, யோசே ஆகியோரின் தாய் என்று அடையாளம் காட்டும் மாற்கு, சலோமியைப் பெயரோடு விட்டுவிடுகிறார். அவருடைய வாசகர்களுக்கு அந்தப் பெயரே போதுமாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

செபதேயு உள்ளே வந்தது மூன்று பட்டியல்களை அருகருகே வைத்ததால். மாற்கு 15:40இல் மூன்றாவது பெயர் சலோமி. அதே காட்சிக்கு மத்தேயு 27:56இல் மூன்றாவது ஆள் ‘செபதேயுவின் மக்களின் தாய்’. யோவான் 19:25இல் ‘இயேசுவினுடைய தாயின் சகோதரி’ ஒருவர் நிற்கிறார். மூவரையும் ஒருவராக்கினால், யாக்கோபும் யோவானும் இயேசுவின் பெரியம்மா அல்லது சித்தி பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது; சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான். யோவானின் பட்டியலில் நான்கு பெண்கள் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தாயின் சகோதரியும் குளோப்பாவின் மரியாவும் ஒருவரே என்று படித்தால் மூவர்தான். சலோமிக்கு அங்கே இடமில்லை. தவிர, வேறு பல பெண்களும் எருசலேமுக்கு உடன் வந்திருந்தார்கள் என்று மாற்குவே சொல்கிறார். ஒரு கூட்டத்திலிருந்து மாற்குவும் மத்தேயுவும் ஆளுக்கு மூன்று பேரை எடுத்தால், அதே மூவரைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மத்தேயு இங்கே மாற்குவை ஒட்டியே எழுதுகிறார். மூன்றாவது ஆளை மட்டும் மாற்றுகிறார். சலோமி யாரென்று தெரிந்து, அதை விளக்கமாகச் சொல்கிறார் என்றும் வாதிடலாம். ஆனால் 28:1இல் கல்லறைக்கு இரண்டு மரியாக்களை மட்டுமே அனுப்புகிறார். சலோமியும் செபதேயு மக்களின் தாயும் ஒருவரே என்று அவர் நினைத்திருந்தால், மாற்கு கல்லறைக்குக் கொண்டுபோன பெண்ணை வழியில் விட்டுவிட வேண்டியதில்லை. விவிலிய அறிஞர் ரிச்சர்ட் பாக்கம் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். எனக்கு இந்த வாதம் கனமாகவே படுகிறது.

பெயரை வைத்தும் முடிவுகட்ட முடியாது. அக்காலப் பாலஸ்தீன யூதப் பெண்களின் பெயர்களைத் தொகுத்த தால் இலான் கணக்கில், பெயர் தெரிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மரியா அல்லது சலோமி. ஆகவே ஒரு நூலில் சலோமி என்று கண்டதும் குறிப்பு அட்டையில் ஏற்றிவிடக் கூடாது. எந்தச் சலோமி என்று முதலில் பிரிக்க வேண்டும். நடனமாடித் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாவின் மகளை நற்செய்திகள் பெயர் சொல்லவில்லை; யோசேபுஸ் என்னும் யூத வரலாற்றாசிரியர்தான் சலோமி என்கிறார். நூலகப் பட்டியலில் தேடினால் முதலில் வந்து குவிவது அவரைப் பற்றிய நூல்களே. விவிலியத்தில் சேராத பழைய நூலான யாக்கோபின் முதல் நற்செய்தியின் 19, 20ஆம் அதிகாரங்களில் மரியாவின் கன்னிமையை ஐயுற்றுக் கை வெந்துபோகும் சலோமி வேறு. நான்காம் நூற்றாண்டு ஆயர் எபிபானியு குறிப்பிடும், மரியாவின் கணவர் யோசேப்பின் மகள் சலோமி, நம்முடைய சீடராகவே இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு.

அதிகம் பேர் இடறுவது எகிப்தியர் நற்செய்தியில். எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த அதே பெயருடைய நூலைத் திறந்து சலோமியைத் தேடுவார்கள்; அங்கே இருக்க மாட்டார். சலோமி பேசும் எகிப்தியர் நற்செய்தி தொலைந்துபோன நூல். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து தம் ஸ்ட்ரோமாட்டா மூன்றாம் நூலில், திருமணத்தை மறுத்தவர்களுக்குப் பதில் சொல்லும்போது எடுத்துக்காட்டிய துண்டுகள்தான் பெரும்பாலும் நம் கையில் இருப்பவை. சாவு எதுவரை ஆளும் என்று சலோமி கேட்கிறார். பெண்கள் பிள்ளை பெறும்வரை என்கிறார் ஆண்டவர். அப்படியானால் நான் பெறாமல் இருந்தது நல்லதுதானே என்கிறார் சலோமி. இந்த நூலை எழுதியவர்களுக்கு, சலோமி இரண்டு திருத்தூதர்களைப் பெற்ற தாயாகத் தெரிந்திருக்க முடியாது. இது வரலாற்றுச் சலோமியைப் பற்றிய சான்று ஆகாது. ஆனால் செபதேயு இணைப்பு எல்லாருக்கும் தெரிந்த பொதுச் செய்தியாக இருக்கவில்லை என்பதற்குச் சான்று.

விவிலியத்தில் சேராத, இயேசுவின் வாக்குகளின் தொகுப்பான தோமா நற்செய்தியின் 61ஆம் வாக்கில் கேள்வி கேட்பவரும் அவரே: என் படுக்கையில் அமர்ந்து என் மேசையில் உண்ட நீர் யார்? இயேசு பதில் சொன்ன பிறகு, ‘நான் உம் சீடர்’ என்ற வாக்கியம் வருகிறது. இதைச் சொன்னது சலோமி என்று காப்டிக் (பழைய எகிப்திய மொழி) பிரதியில் இல்லை. பதிப்பாசிரியர்கள் சேர்த்துப் போடுகிறார்கள். ஆதாரமில்லாமல் அல்ல: அந்தச் சொல்லின் முன்னொட்டு பெண்பாலில் இருக்கிறது. எகிப்தின் ஒக்சிரிங்கில் கிடைத்த, இதே நூலின் கிரேக்கத் துண்டுகளில் இந்த வாக்கு கிடைக்கவில்லை என்பதால் காப்டிக்கோடு ஒத்துப்பார்க்க வழியில்லை. பதிவில் இதைக் குறிப்பிட்டுத்தான் மேற்கோளைச் சேர்த்தேன். அறிஞர் மோர்ட்டன் ஸ்மித் 1958இல் எருசலேம் அருகிலுள்ள மார் சபா மடத்தில் கண்டு 1973இல் வெளியிட்ட, கிளமெந்து எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்திலும் சலோமி வருகிறார். மூலத் தாள்கள் இப்போது பார்வைக்குக் கிடைப்பதில்லை. நிழற்படங்களை வைத்து, உண்மையா போலியா என்ற வழக்கு ஓயவில்லை. அதற்கு ஒரு வாக்கியம் மட்டும் கொடுத்தேன். எந்த வாதத்தையும் அதன்மேல் ஏற்றவில்லை.

இவ்வளவும் சரி. உபதேசியாருக்கு? பழைய வரி இருந்தபோது அவர் கையில் ஒரு குடும்பம் இருந்தது: மீன்பிடி வலை, இரண்டு மகன்கள், மத்தேயு 20:20-21இல் வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்கும் ஒரு தாயின் ஆசை. அதை வைத்து ஒரு மறையுரையே சொல்லலாம். நான் கொடுத்ததோ இரண்டு வசனங்களும் ஒரு எச்சரிக்கையும். மகன்களின் பெயரால் அல்லாமல் தன் பெயரால் நிற்கும் ஒரு பெண் என்று அவரே எடுத்துச் சொல்லலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அதைச் சொல்ல அவருக்குக் கைகொடுக்கும்படி பதிவை எழுதினேனா என்று கேட்டால், அடிக்குறிப்புத் தொனியில்தான் எழுதியிருக்கிறேன்.

செபதேயு மரபை முழுதாக வெட்டவில்லை. பிற்கால இணைப்பு என்று பதிவின் கடைசிப் பத்தியில் வைத்தேன். தோமா 61 இரண்டாம் பத்தியில் இருக்கிறது. சலோமியைப் பற்றிச் சில சபைகள் என்ன நினைத்தன என்பதைத்தான் இரண்டும் காட்டுகின்றன. அப்படியிருக்க ஒன்று மேலே, ஒன்று கீழே ஏன்? தோமா பழைய நூல், செபதேயு இணைப்பு உரையாசிரியர்களின் ஊகம் என்று பதில் சொல்வேன். அது பொய்யான பதில் அல்ல. ‘நான் உம் சீடர்’ என்ற வாக்கியம் மேலே நிற்க வேண்டும் என்று நான் விரும்பியதும் உண்மை. எது முந்தியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குருவானவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்திகளை இடம் மாற்றியிருப்பேனா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.