பால் பெட்டியில் ஒரு கொலை

ஓஸ்லோவுக்கு வந்த முதல் வருடம், மார்ச் மாதக் காலை. காபிக்குப் பால் எடுக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தால், பால் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒருவன் செத்துக் கிடந்தான். படக்கதைதான். சின்னச் சின்னக் கட்டங்களில் பனி, ஒரு மரவீடு, விழுந்து கிடக்கும் உடல், சுற்றி நின்று விழிக்கும் நான்கு பேர். கொலையாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டியது பாலைக் குடிக்கிறவர்களின் பொறுப்பு. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு கட்டங்களைத் தாண்டுவதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அன்றைக்கே அலுவலகத்தில் எதிர் மேசைப் பெண்மணி கேட்டார்: "ஈஸ்டருக்கு நீ என்ன கொலை படிக்கப் போகிறாய்?" அவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு இந்த ஊரில் வழக்கொழிந்துவிட்டது. நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மனத்துக்குள் ஒருமுறை 'அக்கா' என்று சொல்லிக்கொண்டு, பிறகுதான் பெயரை உச்சரிப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

போஸ்கெக்ரிம் என்கிறார்கள். ஈஸ்டர் துப்பறியும் கதை என்று பொருள். வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் நான்கு நாளும் கடைகளைப் பூட்டிவிட்டு, நகரம் மலைக்குப் போய்விடும். மலையில் மரக்குடில், பையில் ஆரஞ்சுப் பழம், சாக்லேட், ஒரு கொலைக் கதை. இதன் தொடக்கத்தையும் அவர்தான் சொன்னார். 1923-ல் ஈஸ்டருக்கு முன்பு, 'பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது' என்று ஒரு செய்தித்தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தது. அது செய்தி இல்லை, அதே பெயரில் வந்த நாவலுக்கான விளம்பரம். உறவினர்கள் அந்த ரயிலில் போயிருக்கிறார்களே என்று பதறியவர்களும் உண்டாம். நூறு வருடம் கடந்தும் வழக்கம் நிற்கவில்லை.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "மாம்பழம் மாதிரி படிப்புக்கும் ஒரு பருவமா?" என்று கேட்டுவிட்டு, சிறிது நேரம் கழித்து, "நல்ல வழக்கம்தான்" என்றாள்.

எங்கள் வீட்டில் படிப்புக்குப் பருவம் கிடையாது, வரிசை உண்டு. மேற்கு மாம்பலத்தில் நான்கு குடித்தனம் இருந்த வீடு அது. ஒரு புத்தகம் உள்ளே வந்தால் நான்கு குடித்தனமும் சுற்றித்தான் வெளியே போகும். பெரும்பாலும் பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையிலிருந்து வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, காலிகோ முதுகு போட்டுத் தைத்தவை. பின்பக்கத்தில் பாதி ஜோக் இருக்கும். மீதிப் பாதி எந்த வீட்டிலோ. பெரியம்மா சேர்த்த ஒரு தொகுப்பில் ஓர் அத்தியாயம் கிடையாது. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்திருந்தாள். நீல மையில், சாய்ந்த எழுத்தில்: "இந்த வாரம் புத்தகம் கிடைக்கவில்லை. இதில் அவள் ஊருக்குப் போய்விடுகிறாள். அவன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. மேலே படிக்கவும்." அந்தக் கதையை எழுதியவரின் ஒரு வாக்கியமும் இப்போது நினைவில்லை. பெரியம்மாவின் நான்கு வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன.

2003-ல் ஏரிகள் வறண்டு, வீராணம் தண்ணீர் இன்னும் வந்து சேராத கோடையில், லாரிக்காகக் காத்திருக்கும் நேரம்தான் எங்கள் தெருவின் வாசிப்பு நேரம். குடங்கள் வரிசையில் நிற்கும். ஆட்கள் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார்கள். அங்கேதான், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்தேன். மாடிக் குடித்தன மாமி என் கையில் திணித்தது. "உனக்குப் பிடிக்குமா" என்று அவர் கேட்கவில்லை. "இதைப் படி, நாளன்றைக்குள் திருப்பிக் கொடு, கீழ்வீட்டில் கேட்டிருக்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான் சிபாரிசு. தண்ணீர் இல்லாத சென்னையில், அடிபம்புக்கும் வரிசைக்கும் நடுவே வாழ்கிற ஜமுனாவின் கதை. தலையை நிமிர்த்தினால் தெருவிலும் அதே வரிசை. பக்கத்துக்கும் தெருவுக்கும் வித்தியாசம் தெரியாமல் படித்த நாவல் எனக்கு அது ஒன்றுதான்.

இந்த ஊரில் அப்படி யாரும் யார் கையிலும் எதையும் திணிப்பதில்லை. என் பெரிய மனக்குறை இதுதான். குளிர் பழகிவிட்டது, மூன்றரை மணிக்கு இருட்டுகிற டிசம்பர் பழகிவிட்டது. "உனக்கு நேரம் இருந்தால், விருப்பம் இருந்தால், ஒருவேளை பிடிக்கலாம்" என்று சொல்கிற சிபாரிசு மட்டும் பழகவே இல்லை. அதில் மரியாதை இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு புத்தகமும் கைமாறாமல் நின்றுவிடுகிறது. தமிழ் நண்பர்களிடம் போனால் வேறு மாதிரி வலி. ஒரு பொங்கல் விருந்தில் மூச்சு விடாமல் ஒரு நாவலைப் பற்றிப் பேசினேன். எல்லோரும் அன்பாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருவர், "படமாக வந்திருக்கிறதா?" என்றார். வீட்டுக்கு வரும்வரை நான் பேசவில்லை.

நூலகங்களுக்குக் குறை சொல்ல முடியாது. கடலோரத்தில் 2020-ல் திறந்த டைக்மன் மைய நூலகத்தில், கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். அதன் மேல்மாடியில் மரத்தால் இழைத்த ஒரு சின்ன அறை உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கோயில் நினைவு வந்து எனக்குக் கை தானாகக் குவிந்தது. எழுத்தாளர்கள் வருடத்துக்கு ஒருவராகக் கொடுக்கும் கையெழுத்துப் பிரதிகளை அங்கே பூட்டி வைக்கிறார்கள். 2114-ல்தான் வெளியே எடுப்பார்கள். அதற்கான காகிதத்துக்காக, நகருக்கு வெளியே காட்டில் 2014-லேயே ஆயிரம் மரக்கன்றுகள் நட்டாயிற்று. அழகான எண்ணம். இருந்தாலும் அந்த அறையில் நிற்கும்போது, நாளன்றைக்குள் திருப்பிக் கொடு என்ற மாமியின் குரல்தான் காதில் விழுந்தது.

போன ஈஸ்டருக்கு முன்பு எதிர் மேசைப் பெண்மணி வழக்கம்போலத் தன் குடிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் பையில் 'தண்ணீர்' நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது, லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்தது. மூன்று நாளாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்துகொண்டிருந்தேன். இவருக்கு இது எப்படிப் பிடிக்கும்? குழாயைத் திறந்தால் ஏரி நீர் கொட்டுகிற ஊர். புத்தகத்தில் துப்பறிகிறவர் இல்லை, கடைசிப் பக்கத்தில் பிடிபடுகிறவனும் இல்லை. என் தெருவைப் பார்த்து ஒருவர் சலித்துக்கொண்டால் தாங்குவேனா என்றுதான் பயம். கடைசியில், அவர் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கையில், மாமி மாதிரியே செய்தேன். கையில் வைத்து, "இதைப் படியுங்கள்" என்றேன். நார்வேஜிய மொழியில் 'ங்கள்' இல்லை. நான் சொன்னதில் இருந்தது. அவர் தன் பையிலிருந்த இரண்டு கொலைக் கதைகளில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அந்த நான்கு நாளும் ஓஸ்லோ காலியாகக் கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கொடுத்த கதையைப் படித்தேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டு, காலைப் போர்வையில் சுற்றிக்கொண்டு. இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டோம் என்று அன்றைக்கு உண்மையாகவே தோன்றியது. நூறாவது பக்கத்தில் ஒரு ரயில் நிலையம் வந்தது. அவன் ஸ்டேஷனுக்கு வரவில்லை, மேலே படிக்கவும் என்று நீல மை கண்முன் ஓடியது. மணியைப் பார்க்காமல் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன். அங்கே நள்ளிரவு.

ஞாயிற்றுக்கிழமை கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பனிக்கு நடுவே ஒரு கிணறு, பக்கத்தில் துத்தநாக வாளி, அதன் விளிம்பில் உறைந்த நீர். கீழே எழுதியிருந்தார்: "எங்கள் குடிலில் குழாய் கிடையாது. என் பாட்டி காலத்திலிருந்து இந்தக் கிணறுதான். நேற்று இரவு முடித்தேன். இன்று காலை வாளியைத் தூக்கும்போது ஜமுனாவை நினைத்தேன். அவளுக்கு வரிசை இருந்தது, எனக்கு இல்லை."

எட்டு வருடமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். அவர் விடுமுறையில் தண்ணீர் சுமப்பவர் என்று எனக்குத் தெரியாது. நான் தெருவில் லாரிக்கு நின்றவள் என்று அவருக்கும் தெரியாது.

விடுமுறை முடிந்து வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, குடத்தை இடுப்பில் எப்படி வைப்பது என்பது. அலுவலகச் சமையலறையில் குடத்துக்கு எங்கே போவது? செடிக்கு நீர் ஊற்றும் பாத்திரத்தை நிரப்பி, இடது இடுப்பை ஒருக்களித்து, கையைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் விரல்களால் விளிம்பைப் பிடித்துக் காட்டினேன். நிறைந்த குடம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அரைக்குடம்தான் அலம்பும் என்று சொன்னேன். அவர் வாங்கி வைத்துப் பார்த்தார். இரண்டாவது முறை சரியாக நின்றது. சட்டை நனைந்தது, அதைத் துடைக்காமல் நான்கு அடி நடந்தார்.

புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன். "என் தங்கையிடம் கொடுத்துவிட்டேன், த்ரோண்ட்ஹெய்மில் இருக்கிறாள். அவள் முடித்ததும் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள்" என்றார்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். பெரியம்மாவின் நோட்டுத் தாள் உள்ள தொகுப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டேன். "கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போகும்போது கொண்டுபோனார்கள். திருநின்றவூரில் இருப்பதாகக் கேள்வி" என்றாள் அம்மா. "விசாரிக்கட்டுமா?"