பைசாந்தியத்தில் எனக்குப் பிடித்தது 11ஆம் நூற்றாண்டு

கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியம் என்றதும் எல்லோரும் 6ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியனிடம்தான் போய் நிற்கிறார்கள். ஹாகியா சோபியா தேவாலயம், சட்டத் தொகுப்பு, இத்தாலியை மீட்ட போர்கள் என்று பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பேரரசு எப்படித் தேய்ந்து, எப்படித் தட்டுத்தடுமாறி எழுகிறது என்று பார்க்க 11ஆம் நூற்றாண்டுக்கு ஈடில்லை. தங்கக் காசைப் பின்தொடர்ந்தாலே போதும்.

ஒரு ரோமானியப் பவுண்டு தங்கத்துக்கு 72 காசு. ஒன்று சுமார் 4.5 கிராம். 4ஆம் நூற்றாண்டில் பேரரசர் முதலாம் கான்ஸ்டன்டைன் வகுத்த இந்தக் கணக்கில் ஏறக்குறைய 700 ஆண்டுகள் கிட்டத்தட்ட 24 காரட்டாகவே ஓடியது. லாங் பஜாரில் 916 முத்திரை பார்த்து நகை வாங்கும் வேலூர்க்காரருக்கு அடுத்தது சட்டென்று உறைக்கும்: பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் (1042–55) காலத்தில் சுமார் 18 காரட், நான்காம் ரோமனோஸ் (1068–71) காலத்தில் 16, 1080 வாக்கில் வெறும் 8. எடையில் கை வைக்கவில்லை. வெள்ளி கலக்கக் கலக்க நிறம் வெளுத்தது.

1071இல் மான்சிகெர்ட்டில் செல்ஜுக் துருக்கியரிடம் கண்ட தோல்விதான் காரணம் என்பார்கள். தவறு. கலப்படம் அதற்கு 30 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. அனத்தோலியாவின் (இன்றைய துருக்கியின் பெரும்பகுதி) வரி வருமானம் போனபின் வேகம் பிடித்தது, அவ்வளவுதான்.

1092இல் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் 20½ காரட்டில் ஹைபர்பைரான் என்ற புதுக்காசு அடித்தார். 24க்குத் திரும்ப ஆசைப்படாமல், கஜானா தாங்கும் அளவோடு நிறுத்திய அந்த நிதானத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அந்தத் தரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது.