கண்ணப்பரும் கருவிழியும்

கண் வங்கியில் ஆலோசகர் வேலை எனக்கு. யாராவது இறந்துவிட்டதாகத் தகவல் வந்தால், டெக்னீஷியனோடு துக்க வீட்டுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும். இறந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழியை, அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலத்தை, எடுத்தாக வேண்டும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. உடன் வரும் டெக்னீஷியன் அண்ணன் நெற்றி நிறையத் திருநீறு பூசுபவர். வண்டியில் போகும்போதெல்லாம் எங்களுக்குள் விவாதம்தான்.

"கண்ணை எடுத்துட்டா அடுத்த பிறவியில குருடாப் பொறப்பாங்களே" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அண்ணன் உடனே கண்ணப்ப நாயனாருக்குப் போய்விடுவார். காளத்தியில் லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழிய, தன் கண்ணைத் தோண்டி அப்பியவர். அவருக்கு மோட்சம்தானே கிடைத்தது? பல வீடுகளில் அதற்கு மேல் பேச வேண்டியிருக்காது. இலங்கையில் ஹட்சன் சில்வா என்ற மருத்துவர் கண் தானத்தைப் பரப்பியபோதும் பௌத்தர்களின் தான மரபு கைகொடுத்தது. புத்த ஜாதகக் கதைகளில் வரும், கண்களைக் கொடுத்த சிபி மன்னனின் கதை அவர்களுக்குப் பழக்கமானது. அங்கிருந்து கருவிழிகள் பல நாடுகளுக்குப் போகின்றன.

ஆனாலும் நான் கண்ணப்பர் கதையைச் சொல்வதில்லை. நம்பாததை, அதுவும் சாவு வீட்டில், நம்புகிறவன் போலச் சொல்வது ஏமாற்று. அண்ணன் சொல்லலாம், அவர் நம்பித்தான் சொல்கிறார். அதற்காக மறுபிறவி உண்டா இல்லையா என்று அங்கே வாதாடவும் மாட்டேன். கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி இதையே கேட்டபோது, "சாயங்காலம் முழு உடம்பையும் எரிக்கத்தானே போறீங்க பாட்டி? எரிஞ்ச கை காலெல்லாம் திரும்ப வரும்னா கண்ணு மட்டும் வராமப் போயிடுமா?" என்றேன். கொஞ்ச நேரம் கணவரின் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "கண்புரை ஆபரேஷன் பண்ணின கண்ணு தம்பி, பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை, கருவிழி தெளிவாக இருந்தால் போதும்.

நாத்திகர் வீடென்றால் சுலபம் என்று நினைப்பார்கள். கருப்புச் சட்டையோடு கிடத்தியிருந்த ஒருவரின் வீட்டில் சடங்கு எதுவும் இல்லை, உறுதிமொழிப் படிவமும் தயாராக இருந்தது. அவர் மனைவிதான் மறித்தார். முகம் கோரமாகிவிடுமோ என்ற பயம். முன்னால் இருக்கும் மெல்லிய படலத்தை மட்டும்தான் எடுப்போம், அந்த இடத்தில் சின்ன மூடி வைத்து இமையை மூடிவிடுவோம் என்று விளக்கினோம். "அப்போ நானும் கூடவே இருப்பேன்" என்றார். கடைசிவரை இருந்தார்.

கருவிழியில் ரத்தக் குழாய் இல்லை, அதனால் பெரும்பாலும் ரத்தப் பிரிவு பார்க்காமலே இன்னொருவருக்குப் பொருத்தலாம். இதைக் கண்டு சொன்னது ஆராய்ச்சி. ஒரு நம்பிக்கை அடுத்தவரின் பார்வைக்குக் குறுக்கே நிற்கும்போது அதைக் கேள்வி கேட்டே தீர வேண்டும் என்பேன். "கேளு. ஆனா உன் ஆராய்ச்சி மாத்தி வைக்கத்தான் சொல்லிக்குடுக்கும், குடுன்னு யாரு சொல்றது?" என்பார் அண்ணன். கருப்புச் சட்டைக்காரரைக் காட்டினால், "அதுவும் ஒரு பக்திதான்" என்கிறார். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இறந்த பிறகு தனக்கு எந்தப் புண்ணியமும் வந்து சேராது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவர் அவர்.