கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொன்னதும் நோயாளிகளின் வீட்டார் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்படியென்றால் வேலை வாங்கித் தருவீர்களா?" பெயர் செய்கிற குழப்பம். நோய்க்குப் பிறகு சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து அலுவலகக் கணக்கை முடிப்பதுவரை அன்றாடக் காரியங்களைத் திரும்பச் செய்யப் பழக்குவதுதான் எங்கள் பிழைப்பு என்று விளக்குவேன். கேட்டவர் முகம் சற்றே தொங்கிப்போகும். அந்தக் கேள்வியைச் சக ஊழியர்களிடம் சொல்லிச் சிரித்த காலமும் உண்டு. இப்போது சிரிப்பதில்லை.

என்னை மாற்றியவர் 23 வயதில் வந்த ஒரு பெண். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் சேர்ந்து அவருக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. சொந்தச் சம்பளத்தை இஷ்டப்படி செலவழிக்கத் தொடங்கி ஏழு மாதம். அம்மாவிடம் கணக்குச் சொல்லாமல் வெளியே போய்வரத் தொடங்கியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அறுபது வயதில் பக்கவாதம் வந்தவருக்குத் திரும்பிப் போக ஒரு வாழ்க்கை இருக்கும். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதுவரை பழகிய வாழ்க்கை. இவருக்கு இருந்தது அந்த ஏழு மாதம்தான். நோய் முதலில் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

நோய், மூளையழற்சி. அதிலும் உடலின் எதிர்ப்பாற்றலே தடம் மாறி, நரம்பு செல்களின் மேலிருந்து செய்தி வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் வகை. ஜோசெப் டல்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 12 பெண்களை ஆராய்ந்து 2007இல் இதை இனங்கண்டார்கள். தூக்கம் போவதும், யாரையும் நம்பாமல் இருப்பதும், இல்லாத குரல் கேட்பதுமாக இது தொடங்கும். வலிப்பும், பேச்சு நின்றுபோவதும், வாயும் கைகளும் தாமாக அசைவதும் பிறகு வரும். 2007க்கு முன் எத்தனை இளம்பெண்களை மனநோயாளி என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும். இவருக்கும் முதல் பத்து நாள் அப்படித்தான் போனது. பிறகு சரியான பரிசோதனை நடந்தது. எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்ட, சூலகத்தில் இருந்த கட்டியை எடுத்தார்கள். எதிர்ப்பாற்றலைத் தணிக்க ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பல வாரத் தீவிர சிகிச்சை. என்னிடம் வந்தபோது மூன்றாவது மாதம்.

வார்டில் எல்லோரும் அவரைப் "பாப்பா" என்று அழைத்தார்கள். அன்பாகத்தான். ஆனால் ஊட்டிவிடுவது, தலை வாரிவிடுவது, கேள்வி கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதில் எதிர்பார்ப்பது எல்லாம் அந்த ஒரு சொல்லோடு சேர்ந்தே வந்தன. நான் "நீங்கள்" என்று பேசத் தொடங்கியபோது அவருடைய அம்மாவுக்கே அது வேடிக்கையாக இருந்தது. "குழந்தையைப் போய் நீங்கள் என்கிறீர்களே, மேடம்" என்றார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையிலும் அவர், அவர்தான்.

577 நோயாளிகளைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் பார்க்கப்பட்டவர்களில் 81 சதவீதத்தினர் நல்ல நிலையில் இருந்தார்கள் என்கிறது அது. மருத்துவர் இந்த எண்ணை அம்மாவிடம் சொன்னார். நியாயமான நம்பிக்கைதான். அந்த "நல்ல நிலை"யை எந்தக் கோலால் அளந்தார்கள் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் உறுத்தும். பக்கவாத நோயாளிகளுக்காக ஜான் ரேங்கின் என்ற மருத்துவர் 1957இல் வகுத்த அளவுகோலின் திருத்திய வடிவம் அது. 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 6 என்றால் மரணம். 2 வரைக்கும் நல்ல நிலை. அந்த 2க்கு எழுதியிருக்கும் விளக்கம் இதுதான்: முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய இயலாது, ஆனால் பிறர் உதவியின்றித் தன் காரியங்களைப் பார்த்துக்கொள்வார். 70 வயதில் இது வரம். 23 வயதில், செய்ய இயலாமல் போனது எது என்பதல்லவா கேள்வி? வேலையா, சிநேகிதிகளா, ஓர் இரவு தனியாக இருப்பதா? கோலில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

நினைவும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க எங்களிடம் பத்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. கடிகாரம் வரையச் சொல்வோம், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வோம், ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துக் கேட்போம். 30க்கு 26 வாங்கினால் இயல்பு. ஐந்தாம் மாதம் அவர் 27 வாங்கினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்த 27இல் நம்பிக்கை இல்லை. மூடிய அறை, எதிரே ஒரே ஆள், ஒரு சமயத்தில் ஒரே வேலை, அடுத்து என்ன என்று சொல்ல நான். வாழ்க்கையில் அந்த நான் இருக்கமாட்டேனே.

டிம் ஷாலிஸ், பால் பர்ஜெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் எழுதியது இந்த இடத்தில் கைகொடுக்கும். மூளையின் முன்பகுதியில் காயம்பட்ட மூன்று பேர்; அறிவுத்திறன் சோதனைகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, சில பொருட்களை வாங்கவும் சில தகவல்களைக் கேட்டுவரவும் சொன்னபோது தடுமாறினார்கள். அறிவு குறைந்ததால் அல்ல. எதை எப்போது தொடங்குவது, எதை நடுவில் விடுவது, விட்டதை எப்போது திரும்ப எடுப்பது என்ற மேற்பார்வை குலைந்ததால். அந்தச் சோதனையை ஆஸ்பத்திரிக்குள்ளேயே செய்ய ஏற்ற வடிவங்கள் வந்துவிட்டன. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ஒரு பேனா வாங்க வேண்டும், மருந்தகம் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டு எழுத வேண்டும், ஓர் உறையைத் தபால் பெட்டியில் போட வேண்டும், சரியாக 11.20க்கு என்னை ஃபோனில் அழைக்க வேண்டும். ஒரு கடைக்குள் இரண்டு முறை நுழையக் கூடாது.

பத்தடி பின்னால் குறிப்பேட்டோடு நடப்பதுதான் என் வேலை. வாயைத் திறக்கக் கூடாது. அவர் பேனாவை வாங்கினார். கடைக்காரர் மீதி கொடுக்கும்போது ஏதோ கேட்க, பதில் சொன்னார். அந்த ஒரு பேச்சில் தாள் கையிலிருந்து பைக்குள் போய்விட்டது. பிறகு நடைக்கூடத்தின் நடுவில், எங்கேயோ போக வேண்டிய ஆள் போல நின்றார். மணி 11.20 ஆனது. 11.25 ஆனது. நான் தாங்கமாட்டாமல் அருகில் போய், "பையில் பாருங்கள்" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை; அம்மாவைப் பார்க்கிற அதே பார்வை வந்தது. அன்று மாலை குறிப்புகளை எழுதும்போது கணக்குப் பார்த்தேன். அந்த மாதம் முழுவதும் அவர் திணறிய இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் மூன்று விநாடிக்குள் கைகொடுத்திருக்கிறோம். வீட்டில் அம்மா, வார்டில் நர்ஸ், இங்கே நான். தான் எதில் தவறுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே நாங்கள் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

தவற விடுவது எல்லோருக்கும் பொருந்தும் மருந்து அல்ல. அதே சமயத்தில் என்னிடம் வந்துகொண்டிருந்த 26 வயது இளைஞருக்கு ஹெர்ப்பீஸ் வைரஸால் வந்த மூளையழற்சி. புதிதாக எதையும் மனத்தில் பதிக்க முடியாத நிலை. ஒருநாள் பயிற்சிக் கூடத்துக்கு வரும் வழியில் இடப்பக்கம் திரும்புவதற்குப் பதிலாக வலப்பக்கம் திரும்பிவிட்டார். மறுநாளும் வலம். அதற்கு மறுநாளும். திரும்பியதே அவருக்கு நினைவில்லை. ஆனால் கால்கள் கற்றுக்கொண்டுவிட்டன. ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் காட்டியது இதைத்தான்: நினைவு பெரிதாகச் சிதைந்தவர் தன் தவற்றை நினைவில் வைத்துத் திருத்திக்கொள்ள மாட்டார், தவறே பழக்கமாகிவிடும். ஆகவே அவருக்கு ஊகிக்க இடமே தராமல், கையைப் பிடித்தாற்போல் சரியான வழியில் மட்டும் நடத்த வேண்டும். காலையில் பத்து மணிக்கு அவரைத் தவறவே விடக் கூடாது. பதினொன்றுக்கு இவரைத் தவற விட்டே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் என் சுபாவத்தை மாற்றிக்கொள்வது எனக்குச் சுலபமாக வரவில்லை.

அடுத்த முறை சோதனை தொடங்கும் முன், எந்தக் காரியம் விட்டுப்போகும் என்று நினைக்கிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "எதுவும் விடாது" என்றார். இரண்டு விட்டன. மூன்றாம் முறை, "ஃபோன்" என்றார் தயங்கி. அன்று பேனா வாங்குவதற்கு முன்பே கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டார். நான் கற்றுத்தரவில்லை. 11.20க்கு என் பையிலிருந்து மணி அடித்தது. பத்தடி தள்ளி நின்றுகொண்டு இருவரும் ஃபோனில் பேசிக்கொண்டோம்.

நோய் முற்றியிருந்த நாட்கள் அவர் நினைவில் இல்லை. இந்த நோயின் இயல்பே அது. வீட்டாருக்கோ ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை. அவர் தனக்கு என்ன நடந்தது என்று கேட்கும்போதெல்லாம் அம்மா, "ஒன்றுமில்லை, காய்ச்சல்" என்பார். மருத்துவர் கேட்டதற்காகத் தம்பி எடுத்து வைத்திருந்த காணொளி ஒன்று இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். நான் உளவியல் மருத்துவரோடு பேசி, அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். இரண்டு நிமிடக் காட்சி. வாய் எதையோ மெல்வதுபோல அசைந்துகொண்டே இருக்கிறது; கண்கள் திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை; நடுவில் தம்பியைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். பார்த்து முடித்ததும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மா ஏன் இரவில் எழுந்து வந்து என்னைப் பார்க்கிறார் என்று இப்போது தெரிகிறது" என்றார்.

வேலைக்குத் திரும்பியது பத்தாம் மாதம், அரைநாள் கணக்கில். அலுவலகத்தார் கொடுமைக்காரர்கள் அல்லர்; மிகவும் நல்லவர்கள், அதுதான் சிக்கல். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, யாருக்கும் அவசரமில்லாத கோப்புகளைக் கொடுத்தார்கள். அவர் முடித்ததை இன்னொருவர் சத்தமில்லாமல் மறுபடி சரிபார்த்தார். ஒருநாள் அது அவர் கண்ணில் பட்டது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

மேலதிகாரியைப் பார்க்கப் போனேன். களைப்பைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் அது வெளியே தெரியாது. முன்பு யோசிக்காமல் செய்த ஒவ்வொன்றையும் இப்போது அவர் யோசித்துச் செய்கிறார். பக்கத்தில் இருவர் பேசும் சத்தத்தை ஒதுக்குவதுகூட அவருக்கு ஒரு வேலை. மதியத்துக்குள் கையிருப்பு தீர்ந்துவிடும். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் கடினமான வேலை, வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கட்டளை, ஒன்று முடிந்தபின் இன்னொன்று. சரிபார்ப்பதென்றால் அவருக்குத் தெரிந்தே, பிழையை அவரிடமே காட்டி. அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "மேடம், பிழையைக் காட்டினால் மனம் உடைந்துவிடமாட்டாரா?" என்றார். மற்றவர்களிடம் காட்டுவீர்களா என்று கேட்டேன். "திட்டியே காட்டுவேன்" என்றார். திட்ட வேண்டியதில்லை, காட்டினால் போதும் என்றேன்.

முதல் மாதம் ஒன்பது பிழை. அவரே ஒரு தாளில் எழுதி என்னிடம் கொண்டுவந்தார். ஒன்பதில் ஏழு, மதியம் 12 மணிக்குப் பின் நடந்தவை. "மேடம், இது நான் இல்லை, மணி" என்று சொல்லிச் சிரித்தார். எண்களைச் சேர்க்கும் வேலையை அவரே காலைக்கு நகர்த்திக்கொண்டார்.

பதினான்காம் மாதம் கடைசிச் சந்திப்பு. பத்து மணிக்கு வர வேண்டியவர் 10.40 வரை வரவில்லை. அலைபேசியை மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். நான்காவது முறை எடுக்கும்போது கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை. தவறான பஸ்ஸில் ஏறியிருக்கிறார். நான்கு நிறுத்தம் தாண்டித்தான் தெரிந்திருக்கிறது. இறங்கி, விசாரித்து, எதிர்ப்பக்கம் வந்து வேறு பஸ் பிடித்திருக்கிறார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், மேடம்."

சொல்லவில்லை. அன்றைய குறிப்பில், தாமதம் 40 நிமிடம், காரணம் பஸ் என்று மட்டும் எழுதினேன்.