ஓரியூர் செம்மண்ணில் எங்கள் ஊருக்காக ஒரு மன்றாட்டு

அம்மாவின் நேர்ச்சை நிறைவேறிவிட்டது. ஓரியூரில் மறைசாட்சியாக உயிர் கொடுத்த புனித அருளானந்தருக்குக் (ஜான் டி பிரிட்டோ) கோடானுகோடி நன்றி.

தம்பி எழுந்து நடந்தால் தேவகோட்டையிலிருந்து ஓரியூர் வரை அவனைக் கால்நடையாகவே கூட்டி வருகிறேன் என்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வாக்குக் கொடுத்திருந்தார். இந்தப் பிப்ரவரித் திருவிழாவுக்கு அவன் நடந்தே வந்தான். சாட்சியாக எழுதிவைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கதையை மட்டும் எழுதினால் அது பாதிச் சாட்சிதான். தம்பி பிழைத்த அந்த இரவுதான் எங்கள் ஊரின் சபைகளை எல்லாம் சேர்த்து ஒரே வேலையில் இறக்கிவிட்டது.

காரைக்குடியில் வேலை முடிந்து திரும்பும்போது அவன் பைக்கில் லாரி மோதியது. தொடை எலும்பு நொறுங்கி ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. அவனுக்கு ஓ நெகட்டிவ். அந்த வகைக்காரர்களின் ரத்தத்தை அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம். அவர்களுக்கோ அதே வகை மட்டும்தான் ஏற்ற வேண்டும். கையிருப்பில் இல்லை, நீங்களே ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்ற ஒரு தரகர், யூனிட்டுக்கு இவ்வளவு என்று அம்மாவிடமே பேரம் பேசினார். பிள்ளையின் உயிருக்கு அழுதுகொண்டிருக்கும் தாயிடம் பேரம் பேச ஒரு மனிதனுக்கு எப்படி நாக்கு எழுகிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் பங்கு இளைஞர்களில் யாருக்கும் அந்த வகை இல்லை. பங்குச் சாமியார் நள்ளிரவில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகரான ஐயருக்குப் போன் செய்தார். ஐயர், பேருந்து நிலையத்துப் பக்கம் சபை நடத்தும் பெந்தெகொஸ்தே பாஸ்டரை எழுப்பினார். அதுவரை அந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்துக்கொண்டதற்கு மேல் பேசிப் பழகியவர்கள் இல்லை. விடிவதற்குள் சி.எஸ்.ஐ. சேகரத்து அண்ணன் ஒருவரும், பாஸ்டரின் சபையில் கீபோர்டு வாசிக்கும் பையனும் ரத்தம் கொடுத்து முடித்திருந்தார்கள். தம்பியின் உடம்பில் இன்றைக்கு ஓடுவது எந்தச் சபையின் ரத்தம் என்று யார் பிரித்துச் சொல்வது?

அந்த மாதமே ஒரு நோட்டு தொடங்கினார்கள். ஒவ்வொரு சபையிலும் அதன் பிரதி இருக்கிறது. பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும் என்பதால் அந்தத் தேதிதான் முக்கியம். எந்த மதத்துக்காரர் கேட்டு வந்தாலும் எடுத்துப் பார்த்து ஆள் அனுப்புவார்கள். காசு கிடையாது, கைம்மாறு கிடையாது.

அதற்குப் பிறகு வந்த ஜனவரியில் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரத்துக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. 1908-லிருந்து உலகின் பல நாடுகளில் ஜனவரி 18 முதல் 25 வரை நடக்கும் வாரம் அது. எங்கள் ஊரில் பெரியவர்கள் சிலர் கூடிக் கலைவதோடு சரி. அந்த வருடம் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு ஆலயம். பாடுகளுக்கு முந்திய இரவில், தம்மை நம்புகிறவர்கள் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் மன்றாடினாரே, அந்த யோவான் 17ஆம் அதிகாரத்தைத்தான் தினமும் வாசித்தோம். கடைசி நாள் வேண்டுதல் வேளையில் ஊருணிக்கரையில் குடியிருக்கும் ஒரு அம்மா எழுந்து, "எங்கள் ஊருணிக்காகவும் செபியுங்கள், சாமி. மழை பெய்தாலும் தண்ணீர் வந்து சேர மாட்டேன் என்கிறது" என்றார். அந்த அம்மா எந்தச் சபையும் இல்லை. பேத்தியைப் பாட்டுக்குக் கூட்டி வந்தவர்.

செட்டிநாட்டில் ஊருணியைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வறண்ட சீமையில் நகரத்தார் அத்தனை பெரிய வீடுகளைக் கட்டும்போதே, முற்றத்தில் விழுகிற மழையும் தெருவில் ஓடுகிற மழையும் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். நாங்கள்தான் அந்த வாய்க்கால்களில் பாலிதீனைப் போட்டு அடைத்தோம். கரையெல்லாம் சீமைக் கருவேலத்தை வளரவிட்டோம். அன்று எல்லாரும் அமைதியாக அந்த அம்மாவைப் பார்த்தோம். மறுநாள் மூன்று சபைக் குருக்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நகராட்சியில் மனு கொடுத்தார்கள்.

அனுமதி வர நாளாயிற்று. வந்தபின் ஞாயிறு மாலைகள் முழுக்க ஊருணியில்தான். சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரிலிருந்து மறுபடி தழைத்துவிடும். வேரோடு பிடுங்க வேண்டும். பாஸ்டரின் சபையில் ஒருவர் ஜே.சி.பி. கொண்டுவந்தார், டீசல் செலவு மட்டும் வாங்கிக்கொண்டார். சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கையுறை மாட்டிக்கொண்டு வரத்துக்காலில் இறங்கிக் குப்பை வாரினார்கள். எங்கள் பங்கின் மரியாயின் சேனை என்ற பக்திச் சபைப் பெண்கள் சமைத்தோம். பக்கத்துப் பெரிய வீட்டு ஆச்சி தினமும் ஒரு அண்டா மோர் அனுப்பினார். பிள்ளையார் கோயில் குருக்கள் வீட்டுப் பையன்கள்கூட மண்சட்டி தூக்கினார்கள். சேற்றை வழிக்க வழிக்க அடியிலிருந்து செம்புராங்கல் படிகள் ஒன்றொன்றாக வெளியே வந்தன. அப்படியொரு படித்துறை அங்கே இருந்தது என்பதே என் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் திறந்துகொண்டது. மூன்று படி மட்டும் வெளியே தெரிய, ஊருணி நிறைந்து நின்றது. இந்த வருடச் செப வாரத்தின் கடைசி மாலை மன்றாட்டை அந்தக் கரையில்தான் வைத்தோம்.

அது முடிந்த கையோடு ஓரியூர் நடை.

தம்பியின் தொடையில் இன்னும் பிளேட் இருக்கிறது. டாக்டர் பாதி மனத்தோடுதான் சம்மதித்தார். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் அவரை வேனில் ஏற்றிக்கொண்டோம். வேன் ஓட்டியவர், ரத்தம் கொடுத்த அதே சி.எஸ்.ஐ. அண்ணன். புனிதர்களை நோக்கி வேண்டிக்கொள்வது அவர்கள் வழக்கம் இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. "நேர்ச்சை உங்களுடையது, அம்மா. பிள்ளை நடப்பதைப் பார்க்கும் ஆசை என்னுடையது" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

இரவு நடைதான் நல்லது, வெயில் தாங்காது. செபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம். எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் கண்ணைக் குத்தும் ஒவ்வொரு தடவையும் தம்பியின் கை என் கையை இறுக்கும். லாரி என்றால் அவனுக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை. திருவாடானையில் ஆதிரத்தினேஸ்வரர் கோயில் கோபுரம் தெரிந்தபோது அவன் சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். பாதம் இரண்டிலும் கொப்புளம், பிளேட் வைத்த இடத்தில் குத்தல். "அக்கா, முடியாது போலிருக்கிறது" என்றான். அம்மா வேனிலிருந்து இறங்கினார். வேனில் ஏறச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவன் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மன்றாட்டு மாலையைத் தொடங்கினார்.

எங்கிருந்தோ அந்தக் கீபோர்டு பையன் வந்துவிட்டான். அவர்கள் சபை இளைஞர்கள் கொஞ்சம் தள்ளிப் பந்தல் போட்டுப் பாதயாத்திரைக்காரர்களுக்கு வெந்நீரும் சுக்குக் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்கு உள்ளே வர மாட்டார்கள், வழியில் சேவை செய்வார்கள். ஒரு வாளியில் உப்பு போட்ட வெந்நீர் கொண்டுவந்து தம்பியின் காலைக் கழுவித் துடைத்து, மருந்து வைத்துக் கட்டினான். பெரிய வியாழனன்று பீடத்தில் பாதம் கழுவும் சடங்கை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் திருவாடானைச் சாலையில்தான் எனக்கு அழுகை வந்தது. தம்பி எழுந்தான். அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

ஓரியூர்க் கூட்டத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊருக்குள் நுழைந்ததுமே கையைப் பிடித்து இழுக்கிறார்கள். எங்கள் கடையில் மெழுகுவத்தி வாங்கினால்தான் உள்ளே ஏற்ற விடுவார்கள் என்று கூசாமல் பொய் சொல்கிறார்கள். அறைக்குத் தரகர், வண்டி நிறுத்தத் தரகர். இரவெல்லாம் நடந்து வந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் ஓடுகிறார்கள் காரில் வந்து இறங்கியவர்கள். ஒரு வயதான பாட்டி கீழே விழத் தெரிந்தார். தலையைக் கொடுத்த புனிதரின் சந்நிதியில் இடத்தை விட்டுக்கொடுக்க முடியாதா?

ஆனால் அவர் இரத்தம் சிந்திய அந்தச் செம்மண்ணுக்கு முன்னால் போய் நின்றதும் எல்லாம் அடங்கிவிட்டது.

லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. காவி உடுத்தி, மரக்கறி மட்டும் உண்டு, தமிழ் பேசி, அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த மறவர் சீமையில் நடந்தார். 1686-இல் பிடிபட்டு அடியும் உதையும் பட்டு, சாகாமல் தப்பினார். ஊருக்குப் போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று, 46 வயது நிறையும் முன்பே, இங்கே தலை வெட்டுப்பட்டார். அந்த மண்ணை எடுத்து அம்மா தம்பியின் நெற்றியிலும் தொடையிலும் பூசினார். எதுவும் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தம்பி முழந்தாளிட முயன்றான், கால் மடங்கவில்லை, அப்படியே தரையில் நீட்டி உட்கார்ந்துகொண்டு மண்ணில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்துக்கொண்டான். அவன் இரத்தம் போன இரவில் நான் புனிதரிடம் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உம்முடைய இரத்தம் விழுந்த மண் இத்தனை வருடமாக உயிரோடு இருக்கிறதே, என் தம்பியையும் உயிரோடு வையும் என்று கேட்டிருந்தேன். வைத்தார். உயிரோடு வைத்தார்.

சி.எஸ்.ஐ. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். "இவரைப் புனிதர் என்று ரோமாபுரியில் அறிவித்தது 1947 ஜூன் மாதம். அதே வருடம் செப்டம்பர் 27-இல்தான் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று" என்று மெல்லச் சொன்னார். பிறகு, "நான் ஜெபிக்கலாமா, அம்மா?" என்று கேட்டார்.

அம்மா தலையசைத்தார். அண்ணன் தம்பிக்காக ஆரம்பித்தார். அப்புறம் எங்கள் ஊருக்குப் போனார். அதிகாலையில் குப்பை வண்டி தள்ளும் பெண்கள், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிமார், சிங்கப்பூர், துபாய் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போனுக்குக் காத்திருக்கும் பெற்றோர், ஊருணிக்கரை அம்மா, ரத்தத்துக்குப் பேரம் பேசிய அந்தத் தரகர்கூட. ஒருவரையும் விடவில்லை. எங்கள் பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் தலை குனிந்துவிட்டார்கள். முடிந்தபோது முதலில் ஆமென் சொன்னது யார் என்று தெரியவில்லை. அடுத்த நொடி அந்த இடம் முழுக்க ஆமென். அம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அதன்பின் தேர் எப்போது புறப்பட்டது, திருப்பலியில் யார் மறையுரை நிகழ்த்தினார்கள் என்றெல்லாம் வரிசையாக எழுத என்னால் முடியவில்லை. நன்றி என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் எடுத்த பங்குச் சாமியாருக்கு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட ஐயருக்கு, பாஸ்டருக்கு, கால் கழுவிய பையனுக்கு, மோர் கொடுத்த ஆச்சிக்கு, சம்மதித்த டாக்டருக்கு. எல்லாருக்கும் மேலாக, இவர்களை எல்லாம் ஒரே இரவில் ஒன்று சேர்த்த ஆண்டவருக்கு, அவரிடம் எங்களுக்காகப் பரிந்து பேசிய அருளானந்தருக்கு.

கோடைக்குள் ஊருணியின் கிழக்குக் கரையை முடிக்க வேண்டும், வேலை நிறைய இருக்கிறது. நோட்டில் ஓ நெகட்டிவ் பெயர்கள் இன்னும் குறைவாகவே இருக்கின்றன. தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் அந்த வகைக்காரர்கள் இதை வாசித்தால், எந்தச் சபை வாசலுக்கு வேண்டுமானாலும் வந்து பெயர் கொடுங்கள்.