மீதி 35

பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்று காலை 2147483647ஐ 311ஆல் வகுத்துப் பார்த்தேன். கால்குலேட்டர் இல்லாமல், பென்சிலில்.

ஈவு 6905092. மீதி 35.

அந்த 35ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

31 இரண்டுகளைப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் வரும் எண் 2147483647. பகா எண்.

சரி, ஏன் 311இல் தொடங்க வேண்டும்? இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 62ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும். 8ஆல் வகுத்தால் 1 அல்லது 7. இந்த இரண்டு சல்லடையிலும் தேறி வரும் முதல் பகா எண் 311. அதற்கு அடுத்தது 1303. நடுவில் ஒன்றுகூடக் கிடையாது!

214 கோடியைத் தாண்டிய எண்ணுக்கு, அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை தேடினால் போதும். அதிலும் பெரும்பாலானவற்றைத் தொடவே வேண்டாம்.

1772இல் கணித மேதை ஆய்லர் இந்த வழியில்தான் இது பகா எண் என்று காட்டினார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2024இல் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். அதுவும் இதே குடும்பம்தான்: இரண்டுகளின் பெருக்கல், கழித்தல் ஒன்று. ஆனால் அதைக் கணினிதான் சோதிக்க முடியும். இது என் பென்சிலுக்கும் எட்டுகிறது.

அப்புறம் 1303ஆல் வகுத்தேன். மீதி 226.

பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.